சாண எரிவாயுக் கலன் புளித்துப் போவது ஏன்?

சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கும் உழவர் பெருமக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நேற்று வரை அடுப்பு நன்றாக எரிந்தது. வாயு குறைந்தாற்போல் தெரிந்ததால் சாணம் போதவில்லையோ என்று கூடுதலாகக் கரைத்து ஊற்றினோம். அதன் பிறகு அறவே நின்றுவிட்டது. என்ன செய்வது?" என்பதே அது.

இக்கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. கலன் பசியால் நிற்கவில்லை. தன் வயிற்றில் சேர்ந்த கழிவைத் தள்ள முடியாமல் நின்றிருக்கிறது. அந்நிலையில் மேலும் தீனி போடுவது, செரியாமை கண்ட பிள்ளைக்கு இன்னும் ஒரு கவளம் ஊட்டுவதைப் போன்றதே ஆகும்.

1981ஆம் ஆண்டில் தேசிய எரிவாயு வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து நம் நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் இக்கலன்கள் கட்டப்பட்டன. 1984இல் வந்த தீனபந்து அமைப்பு செலவைக் குறைத்தது. ஆயினும் கட்டிய சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டு, மேலே வைக்கோல் அடைந்து கிடக்கும் கலன்களை எந்த மாவட்டத்திலும் காணலாம். கட்டுமானக் கோளாறு, மாடு விற்றுப்போனது, சமையல் எரிவாயு உருளை வந்தது என்று காரணங்கள் பல. ஆனால் நான் நேரில் பார்த்தவற்றில் கணிசமானவை விரிசலோ கசிவோ இல்லாத நல்ல கலன்கள். தீனி கொடுத்த முறையில் நேர்ந்த தவறே அவற்றை நிறுத்தியது.

தயிரைப் பாருங்கள்

இதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள அடுக்களையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பாலில் உறை ஊற்றுகிறோம். உறையிலுள்ள பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையைத் தின்று பெருகுகின்றன. லாக்டிக் அமிலத்தைக் கழிவாக வெளியிடுகின்றன. சில மணி நேரத்தில் தயிர் தோய்ந்துவிடுகிறது. அதன் பிறகு புளிப்பு ஓரளவு ஏறி, ஒரு நிலையில் நின்றுவிடுகிறது.

ஏன் நிற்கிறது? சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று பலரும் நினைப்பர். அப்படியன்று. 100 கிராம் பசும்பாலில் ஏறக்குறைய நாலரை முதல் 5 கிராம் சர்க்கரை உள்ளது. நன்கு புளித்த தயிரிலும் அதில் பாதிக்கு மேல் அப்படியே மிஞ்சியிருக்கும். உண்பதற்கு உணவு எதிரே இருந்தும், தாம் விட்ட அமிலத்தாலேயே அந்த நுண்ணுயிர்கள் பெருக முடியாமல் அடங்கிவிடுகின்றன. அந்தப் புளித்த தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் விடுங்கள்; மறுபடியும் சுறுசுறுப்பாக வேலையைத் தொடங்கும். பாலில் கரைந்ததும் அமிலம் நீர்த்துப் போய்விட்டது அல்லவா?

இதையே நாள் முழுவதும் இடைவிடாமல் செய்தால் எப்படி இருக்கும்? ஒரு பாத்திரத்தில் ஒரு பக்கம் புது உணவுக் கரைசல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. மறுபக்கம் அதே அளவு பழைய கரைசல் நுண்ணுயிர்களுடன் வழிந்துகொண்டே இருக்கிறது. 1950ஆம் ஆண்டில் பாரிசில் ஜாக் மோனோ என்பவரும், அமெரிக்காவில் நோவிக், சிலார்டு என்னும் இருவரும் தனித்தனியே இம்முறையைக் கணக்கோடு வகுத்துக் கொடுத்தனர். இதற்குத் தொடர் வளர்ப்பு என்று பெயர். இதிலிருந்து நமக்குத் தேவையான பாடங்கள் இரண்டு.

முதலாவது, பாத்திரத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் நுண்ணுயிர்கள் வழிந்து போகின்றனவோ, குறைந்தது அந்த வேகத்திலாவது உள்ளே இருப்பவை பெருகவேண்டும். இல்லாவிட்டால் அவை நாளடைவில் முற்றிலும் வெளியே அடித்துச் செல்லப்படும். இரண்டாவது, வளர்ச்சியைத் தடுப்பது உணவுக் குறைவு என்றால், உணவைக் கெட்டியாக்கினால் நுண்ணுயிர்கள் கூடும். தடுப்பது கழிவு என்றால், உணவை எவ்வளவு கெட்டியாக்கினாலும் பயனில்லை. தின்னப்படாத உணவுதான் வீணாக வெளியேறும். அங்கே கழிவை அகற்றுவதே வழி.

கலனும் ஒரு தொடர் வளர்ப்பே

சாண எரிவாயுக் கலனை இந்தக் கண்ணோடு பாருங்கள். காலையில் கலவைத் தொட்டி வழியாகச் சாணக் கரைசலை ஊற்றுகிறோம். அதே அளவு செரித்த கரைசல் மறுபக்கத் தொட்டிக்கு வருகிறது. ஆய்வுக்கூடத்தில் சொட்டுச் சொட்டாக நடப்பது இங்கே வாளி வாளியாக நடக்கிறது; அவ்வளவே வேறுபாடு.

ஒரு கணக்குப் போடுவோம். 2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும், ஆக 100 லிட்டர் கரைசல் வேண்டும். தமிழ்நாடு போன்ற வெப்பமான பகுதிகளுக்குக் கரைசல் 30 நாட்கள் உள்ளே தங்கும்படி கலனை அமைக்கிறார்கள். ஆகவே உள்ளே சுமார் 3000 லிட்டர். குளிர் மிகுந்த மலை மாநிலங்களுக்கு இது 55 நாட்கள். நம் கலனில் நாள்தோறும் முப்பதில் ஒரு பங்கு வெளியேறுகிறது. கரைசல் நன்கு கலந்திருப்பதாகக் கொண்டால், உள்ளே உள்ள நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 21 நாட்களுக்குள் ஒரு முறையாவது இரு மடங்காகப் பெருகினால்தான் நிலைத்திருக்க முடியும். ஊற்றும் அளவை இரட்டிப்பாக்கினால் இந்தக் கெடு 10 நாட்களாகக் குறுகிவிடும்.

இனி உள்ளே இருப்பவை யார் என்று பார்க்கவேண்டும். அங்கே இரண்டு கூட்டத்தார் இருக்கிறார்கள். முதல் கூட்டம், சாணத்திலுள்ள மாவையும் நாரையும் உடைத்து அசிட்டிக், புரோபியானிக் போன்ற அமிலங்களாக்கும் பாக்டீரியாக்கள். இவற்றில் பல, சில மணி நேரத்திலேயே இரட்டிக்கும். இரண்டாவது கூட்டம், அந்த அமிலக் கழிவைத் தின்று மீத்தேன் வாயுவாக்கும் நுண்ணுயிர்கள். இவை பரம சாதுக்கள். ஒரு முறை இரட்டிக்கவே சில நாட்கள் ஆகும். இவை பாக்டீரியா இனமே அல்ல, தனிப் பிரிவு என்று 1977இல் கார்ல் வோஸ் என்ற அமெரிக்க அறிஞர் காட்டினார். சாணத்தில் கைவைக்கும் நமக்கு அந்த வகைப்பாட்டைவிட முக்கியமானது அவற்றின் குணம். காற்றுப் பட்டால் ஆகாது. புளிப்புப் பட்டாலும் ஆகாது.

கரைசலின் கார அமில நிலை, அதாவது பி.எச். அளவு, 6.8 முதல் 7.5 வரை இருக்கும்போது இவை நன்றாக வேலை செய்கின்றன. 6.5க்குக் கீழே போனால் தளர்ந்துவிடுகின்றன. தளர்ந்தால் அமிலத்தைத் தின்பது குறையும். அமிலம் மேலும் சேரும். மேலும் தளரும். முதல் கூட்டத்தாரோ இந்தப் புளிப்பை ஓரளவு தாங்கிக்கொண்டு தம் வேலையைத் தொடர்கிறார்கள். நல்ல நிலையில் சில நாட்களில் இரட்டித்த மீத்தேன் நுண்ணுயிர், அமிலம் சேர்ந்தபின் 10 நாட்களானாலும் இரட்டிப்பதில்லை. அப்போது பார்த்து நாம் கூடுதலாக ஊற்றினால், புதிய அமிலத்துக்கு வழி செய்வதோடு, எஞ்சியிருக்கும் மீத்தேன் நுண்ணுயிர்களையும் மறுபக்கத் தொட்டி வழியாக வெளியே தள்ளிவிடுகிறோம். ஒரே வாளியில் இரண்டு கேடு.

ஒன்றாகத் தோன்றிய இரண்டு

ஒருவர் கழிவு மற்றவர்க்கு உணவு என்பதை விளக்கும் வரலாறு ஒன்று உண்டு. 1940இல் பார்க்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, சாராயத்தைத் தின்று மீத்தேன் தரும் நுண்ணுயிர் ஒன்றை விவரித்தார். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அதை ஒரே உயிர் என்றே எண்ணியிருந்தனர். 1967இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரையன்ட், வோல்ஃப் முதலியோர் அது இரண்டு உயிர்களின் கூட்டு என்று கண்டறிந்தனர். ஒன்று சாராயத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கழிவாக விடும். மற்றது அந்த ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் தரும். முதலாவதைத் தனியே வளர்த்தபோது, சாராயம் ஏராளமாக இருந்தும், சேர்ந்துவிட்ட ஹைட்ரஜனே அதன் வளர்ச்சியைத் தடுத்தது. துணையைச் சேர்த்ததும் இரண்டும் செழித்தன. நம் கலனுக்குள்ளும் நாள்தோறும் நடப்பது இத்தகைய கூட்டு வாழ்க்கைதான்.

மாட்டின் வயிறு

மாட்டின் பெருவயிறும் இதே போன்ற ஒரு தொடர் வளர்ப்புக் கலனே. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ளது. வைக்கோலும் புல்லும் அங்கே அமிலங்களாகின்றன. அந்த அமிலங்கள் வயிற்றுச் சுவரால் உறிஞ்சப்பட்டு மாட்டுக்குச் சக்தியாகின்றன. போதாததற்கு, அசைபோடும்போது நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேலான உமிழ்நீர் உள்ளே இறங்குகிறது. அதிலுள்ள சோடா உப்புச் சத்து புளிப்பை அடக்கிவைக்கிறது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும், மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் பொங்கலையும் சோற்றையும் அளவின்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்பது உழவர்கள் அறிந்ததே. மாவுச்சத்து ஒரே வீச்சில் லாக்டிக் அமிலமாகிறது. வயிற்றின் பி.எச். அளவு 5.5க்கும் கீழே சரிகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்துகிறது, சாணம் தண்ணீராகப் போகிறது, படுத்துவிடுகிறது. சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரை அழைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சிமெண்ட் கலனுக்கு உறிஞ்சும் சுவரும் இல்லை, உமிழ்நீரும் இல்லை. அமிலத்தைப் போக்க அதற்கு இருக்கும் ஒரே வாய் மீத்தேன் நுண்ணுயிர்கள்தாம். அதனால் நாம் மாட்டிடம் காட்டும் கவனத்தைவிடக் கலனிடம் கூடுதல் கவனம் காட்டவேண்டியிருக்கிறது. மாட்டுச் சாணம் மட்டும் ஊற்றும் வரை பெரும்பாலும் தொல்லை இல்லை. எளிதில் புளிக்கும் பகுதியை மாடே எடுத்துக்கொண்டு, மீதியை மீத்தேன் நுண்ணுயிர் விதையோடு சேர்த்தே நமக்குத் தருகிறது. தொல்லை வருவது சோறு, கஞ்சி, மாவு, அழுகிய பழம், மரவள்ளித் திப்பி போன்றவற்றை மொத்தமாகக் கொட்டும்போதுதான்.

ஒரு தோட்டத்து வீட்டில்

2009ஆம் ஆண்டு வைகாசியில் பொள்ளாச்சிக்குக் கிழக்கே ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து ஆள் வந்தது. நான்கு உருப்படி மாடு, 2 கன மீட்டர் தீனபந்து கலன், ஆறு ஆண்டுகளாகக் குறையின்றி எரிந்த அடுப்பு. மகள் கல்யாணம் முடிந்து, மிஞ்சிய சோறும் சாம்பாரும் பாயசமும் நான்கு நாட்களாகக் கலனுக்குள் போயிருக்கின்றன. முதல் இரண்டு நாள் வாயு பொங்கி வந்தது, வீட்டார் மகிழ்ந்தார்கள். மூன்றாம் நாள் சுடர் நீலமாகத் துள்ளி அணைந்தது. ஐந்தாம் நாள் தீக்குச்சிதான் எரிந்தது, அடுப்பு எரியவில்லை. அதன் பிறகு ஒரு வாரம் தினமும் இரு மடங்கு சாணம் ஊற்றியிருக்கிறார்கள்.

வாயு வந்தும் எரியாததற்குக் காரணம் இருக்கிறது. நல்ல கலனின் வாயுவில் மீத்தேன் நூற்றுக்கு 55 முதல் 60 பங்கு இருக்கும்; மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அமிலக் கூட்டம் மட்டும் வேலை செய்யும்போது கரியமில வாயுவே மிகுதியாக வருகிறது. அது எரியாது. வாயு நிறைந்திருக்கிறது, சுடர் நிற்கவில்லை என்றால் அதுவே முதல் எச்சரிக்கை. மறுபக்கத் தொட்டியில் பழங்கஞ்சிப் புளிப்பு வாடை வீசுவது அடுத்தது. பி.எச். தாள் நனைத்துப் பார்த்தேன், 5.5 காட்டியது.

அந்த அம்மையார் சொன்ன சொல் இன்னும் நினைவில் நிற்கிறது. "பசியில வாடுதுன்னு நெனச்சுத்தானுங்கய்யா அள்ளி அள்ளி ஊத்துனேன்." அவரைக் குறை சொல்ல எனக்கு நாவெழவில்லை. விரிவாக்கப் பணியாளர்களாகிய நாங்கள் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களில் "தினமும் தவறாமல் ஊற்றுங்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். எப்போது ஊற்றக்கூடாது என்று ஒரு வரி கூட அதில் இல்லை.

செய்யவேண்டியது

புளித்த கலனுக்கு முதல் மருந்து பட்டினி. சோறு மட்டுமன்று, சாணமும் ஊற்றக்கூடாது. ஒரு வாரம் முதல் 10 நாட்கள் வரை அப்படியே விடவேண்டும். வெளியேற்றம் நின்றுவிடுவதால் எஞ்சிய மீத்தேன் நுண்ணுயிர்கள் உள்ளேயே தங்கி, சேர்ந்த அமிலத்தை மெல்லத் தின்று தீர்க்கும். இடையில் சேரும் வாயுவைத் திறந்த வெளியில், அருகில் நெருப்பு இல்லாதபடி பார்த்துக்கொண்டு வெளியேற்றிவிடலாம்.

அடுத்து உறை ஊற்றுதல். அக்கம்பக்கத்தில் நன்றாக எரியும் கலன் இருந்தால், அதிலிருந்து வெளிவரும் செரித்த கரைசலில் எட்டுப் பத்துக் குடம் வாங்கி வந்து ஊற்றுங்கள். வெயிலிலும் காற்றிலும் வைத்திராமல், மூடிய பாத்திரத்தில் கொண்டுவந்து உடனே ஊற்றவேண்டும். இது தோல்வியுற்ற படைக்குப் புது ஆட்களை அனுப்புவது போன்றது. பி.எச். அளவு 6க்கும் கீழே இருந்தால் மட்டும் தெளிந்த சுண்ணாம்பு நீரோ சமையல் சோடாக் கரைசலோ சிறிது சிறிதாகச் சேர்த்து, மறுநாள் தாள் வைத்துப் பார்த்து, தேவையானால் மேலும் சேர்க்கலாம். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டுவது கூடாது.

சுடர் நிலைத்து எரியத் தொடங்கியபின், வழக்கமான அளவில் கால் பங்கு சாணம் ஊற்றுங்கள். ஒரு வாரம் சுடர் தளராதிருந்தால் அரைப் பங்கு. அவசரம் வேண்டாம், நாம் காத்திருப்பது சில நாட்களுக்கு ஒரு முறை மட்டுமே இரட்டிக்கும் உயிர்களுக்காக.

சிலர் கலனை முழுவதும் காலி செய்து புதிதாக நிரப்புகிறார்கள். பெரும்பாலும் அது தேவையற்ற வேலை. இருக்கும் விதையையும் எறிந்துவிடுவதாகும். அதைவிடப் பெரிய அபாயம், காலி செய்வதற்காக ஆள் உள்ளே இறங்குவது. உள்ளே உயிர்க்காற்று இராது. நச்சு வாயு இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் கலனுக்குள் யாரையும் இறக்காதீர்கள்.

கோழிப் பண்ணையாளர் கவனத்திற்கு

நாமக்கல் பகுதியில் கோழி எச்சத்தை ஊற்றும் கலன்களும் நிற்பதுண்டு. அடையாளம் ஒன்றே, நோய் வேறு. கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. அது உடையும்போது அம்மோனியா சேர்ந்து மீத்தேன் நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. இங்கே வாடை புளிப்பாக இராது. கண் எரியும் கார நெடியாக இருக்கும். தாள் 8க்கு மேல் காட்டவும் கூடும். இக்கலனில் யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பு சேர்த்தால் கதை முடிந்தது. காரத்தன்மை கூடக் கூட அம்மோனியாவின் நச்சும் கூடும். இதற்கு மருந்து கூடுதல் தண்ணீரும், மாட்டுச் சாணமோ நறுக்கிய வைக்கோலோ கலந்து ஊற்றுவதுமே. ஆகவே தாள் வைத்துப் பாராமல் எந்த மருந்தும் செய்யவேண்டாம்.

மடிநோய்க்கு மருந்து போட்ட மாட்டின் சாணத்தைச் சிகிச்சை முடிந்து சில நாட்கள் வரை கலனுக்குள் விடாதீர்கள். சலவைத்தூள் கலந்த தொழுவம் கழுவிய நீரும், மயில்துத்தக் கரைசலும் அப்படியே. மார்கழி, தை மாதங்களில் நுண்ணுயிர்களின் வேகம் இயல்பாகவே குறையும். அப்போது வாயு குறைகிறதே என்று அளவைக் கூட்டுவது மேலே சொன்ன தவறுதான்.

பொள்ளாச்சிப் பக்கத்து அம்மையாரின் கலன் பதினேழாம் நாள் சுடர் பிடித்தது. ஒரு மாதம் கழித்து அவ்வழியே போனபோது மிச்சச் சோற்றை இனி என்ன செய்வது என்று கேட்டார். ஊற்றலாம், ஆனால் சாணத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 50 கிலோ சாணத்துக்கு இரண்டரை கிலோ, அதையும் கரைத்து, முதலில் அரைக் கிலோவில் தொடங்கி என்றேன். அவர் வீட்டில் தினமும் அவ்வளவு சோறு மிஞ்சுவதில்லை என்று சிரித்தார். அடுத்த விசேஷத்துக்கு மிஞ்சுவதைத் தென்னைக்குழியில் புதைத்துவிடச் சொல்லிவிட்டு வந்தேன்.